நம்ம ஸ்கூல் இனி யார் ஸ்கூல்? இங்கிலாந்தில் ஒன்றுசேரும் கத்தோலிக்கப் பள்ளிகள்

(ஒலிவடிவில் வந்த எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

இந்த வாரம் கொஞ்சம் தூரமாப் போறோம். இங்கிலாந்து வரைக்கும்.

காரணம் என் பெரியம்மா பொண்ணு. தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்தவள். இப்ப இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு ஊரில் நர்ஸா இருக்கா. மூத்த பொண்ணு அங்கே ஒரு சின்ன கத்தோலிக்க ஆரம்பப் பள்ளியில் படிக்கிறாள். சின்னவன் அடுத்த வருஷம் அதே பள்ளியில் சேரணும். போன மாசம் ஒரு நாள் ராத்திரி அக்காகிட்ட இருந்து போன்.

"ஏல, நீ தான் இந்த மாதிரி விஷயம்லாம் படிச்சுப் பேசுறியே. ஸ்கூல்ல இருந்து ஒரு லெட்டர் வந்துருக்கு. மறைமாவட்டத்தில் உள்ள மத்த ஸ்கூலோட சேர்ந்து ஒரு அகாடமி டிரஸ்ட்டுக்குள்ள போகப் போறாங்களாம். கருத்து சொல்லுங்கன்னு கேட்டுருக்காங்க. நான் என்னத்தச் சொல்ல? எனக்கு அந்த லெட்டரே புரியல."

அவள் கேட்டது மூணே கேள்வி. சின்னவனுக்கு இடம் கிடைக்குமா? இப்ப இருக்கிற டீச்சர்கள் இருப்பாங்களா? நாளைக்கு இந்த ஸ்கூலை மூடணும்னு யாராவது நினைச்சா, எங்ககிட்ட கேப்பாங்களா?

முதல் ரெண்டு கேள்விக்கும் பதில் கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமா இல்லை. மூணாவதுதான் என்னை ரெண்டு வாரம் உட்கார வைச்சது. அதைத்தான் இன்னைக்குப் பேசப்போறேன்.

முதல்ல, இந்தப் பள்ளிகள் எங்கிருந்து வந்தன?

இங்கிலாந்தில் கத்தோலிக்கர்கள் ரொம்ப காலம் சட்டத்தால் ஒதுக்கப்பட்டிருந்த சிறுபான்மை. பாராளுமன்றத்தில் உட்காரும் உரிமையே 1829-இல்தான் திரும்பக் கிடைத்தது. 1840-களில் அயர்லாந்தில் பெரும் பஞ்சம். லட்சக்கணக்கில் ஏழைகள் கப்பலேறி லிவர்பூல், மான்செஸ்டர், லண்டன் என்று வந்து இறங்கினார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும். 1847-இல் கத்தோலிக்க ஏழைப் பள்ளிக் குழு என்ற ஒன்று தொடங்கப்பட்டது. 1852-இல் இங்கிலாந்து ஆயர்கள் கூடிய மன்றம் ஒரு முடிவெடுத்தது. கையில் காசு குறைவாக இருந்தால் முதலில் பள்ளியைக் கட்டுங்கள், கோயில் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இதுதான் அதன் சாரம்.

அதனால் பல ஊர்களில் பள்ளிக்கூட அறையில்தான் ஞாயிறு பூசை நடந்தது. அந்தக் கட்டடங்களுக்குப் பின்னால் தொழிலாளிகள் கொடுத்த சில்லறைக் காசு இருக்கிறது. "இது எங்க ஸ்கூல்" என்று பங்கு மக்கள் சொல்வதில் பாதி உணர்ச்சி என்றால் மீதி பாதி கணக்கு.

பிறகு 1944-ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் வந்தது. சர்ச் பள்ளிகள் ரெண்டு வழியில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம் என்றது. ஒரு வழியில் அரசு கிட்டத்தட்ட முழுச் செலவையும் ஏற்கும், கட்டுப்பாடும் பெரும்பாலும் அரசிடம் போகும். இன்னொரு வழியில் நிர்வாகக் குழுவில் பெரும்பான்மை சர்ச்சிடமே இருக்கும், ஆனால் கட்டடச் செலவில் ஒரு பங்கை சர்ச் போட வேண்டும். ஆங்கிலிக்கன் பள்ளிகள் பல முதல் வழியில் போயின. கத்தோலிக்கர்கள் பெரும்பாலும் ரெண்டாவதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆரம்பத்தில் அந்தப் பங்கு 50 சதவீதம். படிப்படியாகக் குறைந்து இப்போது 10 சதவீதம்.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இது சுலபமா புரியும். தமிழ்நாட்டில் அரசு உதவி பெறும் பள்ளி இருக்கு இல்லையா? நிர்வாகம் மறைமாவட்டமோ சபையோ பார்த்துக்கும், டீச்சர் சம்பளம் அரசு கொடுக்கும். ஏறக்குறைய அதே ஏற்பாடுதான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இப்படி 2,000-க்கும் மேற்பட்ட கத்தோலிக்கப் பள்ளிகள் இருக்கின்றன. இங்கிலாந்தின் அரசுப் பண உதவியில் நடக்கும் பள்ளிகளில் சுமார் பத்தில் ஒன்று கத்தோலிக்கப் பள்ளி.

அகாடமின்னா என்ன?

நம்ம காதுக்கு அகாடமி என்றால் கிரிக்கெட் கோச்சிங் ஞாபகம் வரும். அது இல்லை.

பழைய ஏற்பாட்டில் பணம் மத்திய அரசிடமிருந்து உள்ளாட்சிக்குப் போகும். உள்ளாட்சி ஒரு பகுதியைப் பொதுச் சேவைகளுக்கு வைத்துக்கொண்டு மீதியைப் பள்ளிக்குத் தரும். டோனி பிளேர் அரசு 2000-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. 2002-இல் முதல் அகாடமிகள் திறந்தன. உள்ளாட்சியைத் தாண்டி மத்திய அரசே நேரடியாகப் பணம் தரும் பள்ளிகள் இவை. அப்போது இது தடுமாறிக்கொண்டிருந்த சில உயர்நிலைப் பள்ளிகளுக்கான வைத்தியமாக மட்டுமே இருந்தது.

2010-இல் ஆட்சி மாறியது. கல்வி அமைச்சரான மைக்கேல் கோவ் அகாடமிகள் சட்டத்தைக் கொண்டுவந்தார். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பள்ளிகளும், ஆரம்பப் பள்ளிகளும்கூட அகாடமி ஆகலாம் என்று கதவு திறந்தது. இன்று இங்கிலாந்தின் உயர்நிலைப் பள்ளிகளில் 80 சதவீதத்துக்கு மேல் அகாடமிகள். ஆரம்பப் பள்ளிகளில் 40 சதவீதத்துக்கு மேல். இதெல்லாம் இங்கிலாந்தில் மட்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் அகாடமி முறை கிடையாது.

ஒவ்வொரு அகாடமிக்கும் பின்னால் ஒரு டிரஸ்ட் இருக்கும். சட்டப்படி அது லாப நோக்கமில்லாத ஒரு கம்பெனி. பல பள்ளிகளை ஒரே டிரஸ்ட் நடத்தினால் அது பல-அகாடமி டிரஸ்ட். அக்காவுக்கு வந்த லெட்டர் இதைப் பத்தித்தான்.

ஆயர்கள் ஏன் இதுக்குள்ள வந்தாங்க?

தொடக்கத்தில் பல மறைமாவட்டங்கள் தயங்கின. அவர்கள் பயந்தது ஒரு விஷயத்துக்கு. ஒவ்வொரு பள்ளியும் தனித்தனியாகப் போய் ஒவ்வொரு டிரஸ்ட்டில் சேர்ந்தால், அடுத்த தலைமுறையில் கத்தோலிக்கப் பள்ளி என்று சொல்ல எது மிச்சமிருக்கும்?

இங்கே திருச்சபைச் சட்டமும் வருகிறது. ஒரு பள்ளி தன்னைக் கத்தோலிக்கப் பள்ளி என்று சொல்லிக்கொள்ள வேண்டுமானால் திருச்சபை அதிகாரத்தின் அங்கீகாரம் வேண்டும் என்கிறது அதன் 803-ஆம் விதி. தன் மறைமாவட்டத்தில் உள்ள கத்தோலிக்கப் பள்ளிகளைக் கண்காணிக்கும் உரிமை ஆயருக்கு உண்டு என்கிறது 806-ஆம் விதி. இங்கிலாந்தின் 2010 சட்டமும் இதற்கு இடம் விட்டது. சர்ச் பள்ளி அகாடமி ஆக வேண்டுமானால், பள்ளியின் அறங்காவலர்களும், சர்ச் சார்பில் நிர்வாகிகளை நியமிப்பவர்களும் சம்மதிக்க வேண்டும். கத்தோலிக்கப் பள்ளியில் அந்தச் சம்மதம் கடைசியில் ஆயரிடம் போய் நிற்கும்.

ஆக, சாவி ஆயர் கையில். ஆனால் வெளியே நெருக்கடி ஏறிக்கொண்டிருந்தது. 2016-இல் வந்த ஒரு சட்டப்படி, பள்ளி ஆய்வில் ஒரு பள்ளி "போதாது" என்ற மதிப்பீடு வாங்கினால் அமைச்சர் அதை அகாடமி ஆக்க உத்தரவு போட்டே தீர வேண்டியிருந்தது. சேர்ந்துகொள்ளக் கத்தோலிக்க டிரஸ்ட் தயாராக இல்லை என்றால் அந்தப் பள்ளி எங்கே போகும்? கல்வித் துறையும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஒரு புரிந்துணர்வுக்கு வந்தார்கள். அதன் பிறகு பல ஆயர்கள் எடுத்த முடிவு இதுதான்: போறதுன்னா தனித்தனியாப் போகக்கூடாது. கத்தோலிக்கப் பள்ளிகள் கத்தோலிக்க டிரஸ்ட்டுக்குள்ளேயே, கூட்டமாப் போகணும்.

நாட்டிங்ஹாம் மறைமாவட்டம் இதற்குத் தெளிவான உதாரணம். அங்கே 80-க்கும் மேற்பட்ட பள்ளிகளை நாலு டிரஸ்ட்டுகளாகப் பிரித்தார்கள். லூர்து அன்னை, செயின்ட் ரால்ஃப் ஷெர்வின், செயின்ட் தாமஸ் அக்வைனஸ், செயின்ட் தெரேஸ் என்று பெயர்கள். இதில் ரால்ஃப் ஷெர்வின் அந்தப் பகுதியில் பிறந்த ஒரு குரு. கத்தோலிக்கராக இருந்ததற்காக 1581-இல் லண்டனில் தூக்கிலிடப்பட்டவர். வடக்கே ஹெக்ஸம் - நியூகாசில், மிடில்ஸ்பரோ, லீட்ஸ் மறைமாவட்டங்களிலும் இதே மாதிரி பெரிய டிரஸ்ட்டுகள். பெயர்ப்பலகையைப் படித்தாலே இவர்கள் எதைக் காப்பாற்ற நினைக்கிறார்கள் என்று தெரியும்.

சேர்ந்த பிறகு உள்ளே என்ன நடக்கும்?

அக்காகிட்ட நான் சொன்ன உதாரணம் இது. இப்ப உங்க ஸ்கூல் ஒரு தனி வீடு. சேர்ந்த பிறகு ஒரு பெரிய அப்பார்ட்மெண்ட்டில் ஒரு ஃபிளாட். வாட்ச்மேன், லிஃப்ட், தண்ணி லாரி எல்லாம் பொது. மாசா மாசம் மெயின்டனன்ஸ் கட்டணும். தனி வீட்டில் மோட்டார் கெட்டா நீயே அலையணும், இங்கே அசோசியேஷன் பாத்துக்கும்.

அவள் உடனே கேட்டாள், "பிடிக்கலன்னா ஃபிளாட்டை வித்துட்டுக் கிளம்பலாமா?"

அங்கேதான் உதாரணம் உடையுது. கிளம்ப முடியாது.

ஏன்னா, டிரஸ்ட்டில் சேர்ந்த அன்றைக்கே பள்ளியின் பழைய நிர்வாகக் குழு சட்டப்படி இல்லாமல் போகிறது. பள்ளி என்ற தனி சட்ட அமைப்பே இருக்காது. டிரஸ்ட்தான் ஒரே சட்ட அமைப்பு. அரசோடு ஒப்பந்தம் போடுவதும், டீச்சருக்குச் சம்பளம் தருவதும், வழக்கு வந்தால் பதில் சொல்வதும் டிரஸ்ட். நிலம் மட்டும் பெரும்பாலும் மறைமாவட்ட அறங்காவலர்கள் பெயரிலேயே இருக்கும். டிரஸ்ட் ஒரு உடன்படிக்கையின் பேரில் அந்தக் கட்டடத்தில் பள்ளியை நடத்தும்.

உள்ளே அதிகாரம் மூணு தட்டில் இருக்கு. மேலே உறுப்பினர்கள், கம்பெனியின் பங்குதாரர் மாதிரி, ஆனால் பங்கும் லாபமும் கிடையாது. கத்தோலிக்க டிரஸ்ட்டில் அந்தத் தட்டில் ஆயரும் அவர் சார்பானவர்களும் இருப்பார்கள். அடுத்து இயக்குநர் குழு. இதில் பெரும்பான்மை ஆயர் நியமிப்பவர்கள். முடிவுகள் எடுக்கும் இடம் இது. இவர்களுக்குக் கீழே சி.இ.ஓ., ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு தலைமை ஆசிரியர். கடைசியாக, ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு உள்ளூர்க் குழு. அந்தக் குழுவுக்கு எவ்வளவு அதிகாரம் என்பது இயக்குநர் குழு எழுதித் தரும் அதிகாரப் பங்கீட்டுப் பட்டியலைப் பொறுத்தது. இன்னைக்குக் கொடுத்ததை அடுத்த வருஷம் குறைக்கவும் அவர்களால் முடியும்.

பெற்றோருக்கு ஒரு உத்தரவாதம் உண்டு. இயக்குநர் குழுவிலாவது, இல்லை ஒவ்வொரு உள்ளூர்க் குழுவிலாவது குறைந்தது ரெண்டு பெற்றோர் இருக்க வேண்டும். இதை மனசுல வைச்சுக்கோங்க. கடைசியில் இதுக்குத் திரும்பி வருவோம்.

பணக் கணக்கு

பள்ளிகள் டிரஸ்ட்டுக்குள் போக ஒரு பெரிய காரணம் பணம். சுத்தி வளைக்காம சொல்லிடுறேன்.

முதலாவது, கட்டடப் பணம். பழைய ஏற்பாட்டில் சர்ச் போட வேண்டிய 10 சதவீதம் அகாடமியில் கிடையாது. அதோடு, குறைந்தது 5 பள்ளிகளும் 3,000 மாணவர்களும் உள்ள டிரஸ்ட்டுக்குக் கட்டடப் பராமரிப்புப் பணம் ஒவ்வொரு வருஷமும் ஒரு கணக்குப்படி தானா வரும். அந்த அளவு இல்லாதவர்கள் ஒவ்வொரு கூரைக்கும் ஒவ்வொரு பாய்லருக்கும் விண்ணப்பம் போட்டுப் போட்டி போடணும். 200 பிள்ளைகள் உள்ள ஒரு ஆரம்பப் பள்ளிக்கு இது பெரிய வித்தியாசம்.

ரெண்டாவது, பொதுச் செலவு. கணக்கர், ஆள் எடுப்பது, கம்ப்யூட்டர், மின்சாரம், சாப்பாட்டு ஒப்பந்தம். இருபது பள்ளிகள் சேர்ந்து பேரம் பேசினால் விலை குறையும். இதற்காக டிரஸ்ட் ஒவ்வொரு பள்ளியின் வரவிலிருந்தும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். பல இடங்களில் அது 5 சதவீதத்தை ஒட்டி இருக்கும். சில டிரஸ்ட்டுகள் இன்னும் ஒரு படி மேலே போய், எல்லாப் பள்ளிப் பணத்தையும் ஒரே பானையில் போட்டுத் தேவைக்கேற்பப் பிரித்துக் கொடுக்கும். சட்டம் அதற்கு அனுமதிக்கிறது.

இது நல்லதா கெட்டதா? நீங்க எந்தப் பக்கம் நிக்கிறீங்க என்பதைப் பொறுத்தது. உங்க பள்ளி கஷ்டத்தில் இருந்தால் இது கைதூக்கி விடும். உங்க பள்ளி சிக்கனமா நடந்து சேமிப்பு வைச்சிருந்தால், அந்தச் சேமிப்பு பக்கத்து ஊர்ப் பள்ளிக்குப் போகலாம். கத்தோலிக்க ஆயர்கள் இதை வெளிப்படையாகவே சொல்கிறார்கள்: வலுவான பள்ளி பலவீனமான பள்ளியைத் தாங்குவதுதான் பொது நன்மை. நியாயமான பேச்சுதான். ஆனால் தன் பிள்ளை படிக்கும் பள்ளியில் உதவி டீச்சர் ஒருத்தரை நிறுத்தும்போது ஒரு தாய்க்கு அதைச் சொல்லிப் பாருங்க.

டர்ஹாம் நகரத்து செயின்ட் லெனர்ட்ஸ் கத்தோலிக்கப் பள்ளி 2023-இல் செய்திகளில் நிறைய அடிபட்டது. கட்டடத்தில் ராக் என்னும் லேசான, நாளாக நாளாக வலுவிழக்கும் கான்கிரீட் இருந்தது தெரிந்து, பள்ளி திறக்கும் நேரத்தில் இழுத்து மூட வேண்டியதாயிற்று. அது பிஷப் வில்கின்சன் டிரஸ்ட்டைச் சேர்ந்த பள்ளி. பிள்ளைகளை வெவ்வேறு இடங்களில் வைத்துப் பாடம் நடத்தினார்கள். அந்த மாதிரி நேரத்தில் தனியா நிற்கும் ஒரு சின்ன நிர்வாகக் குழு, மாலை நேரத்தில் கூடும் தன்னார்வலர்கள், என்ன செய்திருக்க முடியும்? அதே சமயம், டிரஸ்ட்டில் இருந்ததால் அந்தக் கூரை பலப்பட்டுவிடவும் இல்லை. கட்டடத்தைக் காப்பாற்ற வேண்டிய பெரும் பணம் அரசிடமிருந்துதான் வர வேண்டியிருந்தது. டிரஸ்ட் எல்லாத்துக்கும் மருந்து இல்லை.

படிப்பு உயருமா என்று கேட்டால், அதுக்கும் ஒரே பதில் இல்லை. எஜுகேஷன் பாலிசி இன்ஸ்டிட்யூட் 2016-இல் டிரஸ்ட்டுகளையும் உள்ளாட்சிகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டது. மேலேயும் ரெண்டு வகை இருந்தது, கீழேயும் ரெண்டு வகை இருந்தது. அமைப்பு எது என்பதை விட, அதை யார் எப்படி நடத்துகிறார்கள் என்பதே வித்தியாசம்.

அக்காவின் முதல் ரெண்டு கேள்வி

சின்னவனுக்கு இடம். பள்ளி டிரஸ்ட்டில் சேர்வதால் மட்டும் சேர்க்கை விதி மாறாது. முன்பு யாரைச் சேர்ப்பது என்ற விதியைப் பள்ளியின் நிர்வாகக் குழு எழுதியது, இனி டிரஸ்ட் எழுதும். விண்ணப்பம் வழக்கம்போல உள்ளாட்சி வழியாகத்தான். திருமுழுக்குச் சான்றிதழ், அக்கா அங்கே படிப்பது, வீட்டுத் தூரம் இதெல்லாம் இப்ப எந்த வரிசையில் இருக்கோ அதே வரிசை. மாற்ற வேண்டுமானால் முன்கூட்டியே பொதுமக்களிடம் கருத்துக் கேட்டாக வேண்டும்.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வருது. "அகாடமி ஆனா பாதி இடத்தை மத்தவங்களுக்குக் கொடுக்கணுமாமே?" அது வேற விஷயம். 2010-க்குப் பிறகு புதுசாத் தொடங்கப்படும் சமயச் சார்புள்ள இலவசப் பள்ளிகளுக்கு ஒரு வரம்பு போட்டார்கள். இடத்துக்குப் போட்டி இருந்தால், 50 சதவீத இடத்தை மட்டுமே சமய அடிப்படையில் நிரப்பலாம். ஒரு கத்தோலிக்கப் பிள்ளையைக் கத்தோலிக்கர் என்பதாலேயே திருப்பி அனுப்ப வேண்டி வரும் என்று சொல்லி ஆயர்கள் அப்படிப் புதுப் பள்ளி தொடங்க மறுத்தார்கள். ஏற்கனவே இருந்து அகாடமியாக மாறும் பள்ளிக்கு இந்த வரம்பு பொருந்தாது.

டீச்சர்கள். வேலை தருபவர் மாறுகிறார், வேலை மாறுவதில்லை. பிரிட்டனில் 2006-ஆம் ஆண்டு விதிகளின்படி, நிறுவனம் கைமாறினால் ஊழியரின் சம்பளமும் நிபந்தனைகளும் அப்படியே கூடவே போகும். ஓய்வூதியத் திட்டமும் தொடரும். ஆனால் அதற்குப் பிறகு சேரும் புது டீச்சருக்கு டிரஸ்ட் வேறு ஒப்பந்தம் போட முடியும். தொழிற்சங்கங்கள் பயப்படுவது இதற்குத்தான். இங்கிலாந்தின் சில கத்தோலிக்கப் பள்ளிகளில் டீச்சர்கள் இதை எதிர்த்து வேலைநிறுத்தமே செய்திருக்கிறார்கள். 2024 டிசம்பரில் லேபர் அரசு கொண்டுவந்த மசோதா அகாடமிகளுக்கு இருந்த இந்தச் சம்பளச் சுதந்திரத்தையும் பாடத்திட்டச் சுதந்திரத்தையும் குறைக்கும் நோக்கத்தோடு வந்தது.

ஆமா, இன்னொன்னு. அரசாங்கமே இதில் ஒரே நிலையில் நின்றதில்லை. 2016-இல் எல்லாப் பள்ளியும் 2022-க்குள் அகாடமி ஆகணும்னு அறிவிச்சாங்க, சில வாரத்தில் பின்வாங்கினாங்க. 2022-இல் 2030-க்குள் எல்லாப் பள்ளியும் டிரஸ்ட்டில் இருக்கணும்னு சொன்னாங்க, அந்த வருஷக் கடைசியில் மசோதாவையே கைவிட்டாங்க. மாறுவதற்குப் பள்ளிக்குக் கொடுத்த 25,000 பவுண்டு உதவியையும் பிறகு நிறுத்திட்டாங்க. காத்து எப்ப எந்தப் பக்கம் அடிக்கும்னு தெரியாது. ஆனா ஒரு தடவை உள்ளே போன பள்ளி காத்து மாறினதும் வெளியே வர முடியாது.

மூணாவது கேள்வி

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2012-இல் சுமார் 7.3 லட்சம் குழந்தைகள் பிறந்தன. 2023-இல் சுமார் 5.9 லட்சம். ஆரம்பப் பள்ளிகளில் பெஞ்சு காலியாகிறது. அங்கே பள்ளிக்குப் பணம் தலைக்கணக்கில் வரும். முப்பது பிள்ளை இருக்க வேண்டிய வகுப்பில் பதினெட்டுப் பேர் இருந்தால் டீச்சர் சம்பளம் குறையாது, வரவு மட்டும் குறையும். சின்னப் பள்ளிகளை மூடுவது அங்கே இப்ப நிஜமான பேச்சு.

பழைய ஏற்பாட்டில் ஒரு சர்ச் பள்ளியை மூடணும்னா உள்ளாட்சியோ நிர்வாகக் குழுவோ முறைப்படி அறிவிப்பு வெளியிட்டு, கருத்துக் கேட்டு, சட்டம் சொன்ன படிகளில் போகணும். அந்த நிர்வாகக் குழுவில் உங்க பங்கைச் சேர்ந்தவர் நாலு பேராவது இருப்பார். டிரஸ்ட்டில் அப்படி இல்லை. இயக்குநர் குழு முடிவெடுத்து, அமைச்சர் ஒப்புக்கொண்டால் பள்ளியை மூடலாம். அதற்கு முன்னும் கருத்துக் கேட்பார்கள். ஆனால் கேட்பவர் பத்து ஊர்ப் பள்ளிகளின் கணக்கையும் ஒரே தாளில் வைத்துப் பார்ப்பவர். உங்க பள்ளி அதில் ஒரு வரி.

இதுக்கு மறுபக்கமும் உண்டு. தனியா நின்ற சின்னப் பள்ளி பணமில்லாமலே மூடும். டிரஸ்ட்டுக்குள் இருந்தால் ரெண்டு பள்ளிக்கு ஒரே தலைமை ஆசிரியர், பகிர்ந்துகொள்ளும் டீச்சர் என்று இன்னும் சில வருஷம் தாக்குப்பிடிக்கலாம். ஆக, சேர்வது பள்ளியைக் காப்பாற்றவும் செய்யலாம். காப்பாற்றுவதா விடுவதா என்று முடிவு செய்யும் இடம் ஊரை விட்டுத் தள்ளிப் போகிறது. இதுதான் இந்தப் பேரத்தின் விலை. அந்த லெட்டரில் இது எழுதியிருக்கலை.

அக்காகிட்ட இதைத்தான் சொன்னேன். "உனக்கு ஓட்டு கிடையாது. சட்டப்படி கருத்துக் கேக்கணும், அவ்வளவுதான். முடிவு நிர்வாகக் குழுவும் ஆயரும் எடுப்பாங்க. அதனால வேண்டும், வேண்டாம்னு எழுதாத. கேள்வி கேளு."

நாங்க ரெண்டு பேரும் உட்கார்ந்து எழுதின கேள்விகள் இவை. உங்க சொந்தக்காரங்க யாருக்காவது அப்படி லெட்டர் வந்தா அனுப்பி வைங்க. எங்க வரவில் எத்தனை சதவீதம் எடுப்பீங்க? எங்க சேமிப்பு என்ன ஆகும்? உள்ளூர்க் குழுவின் அதிகாரப் பட்டியலைக் காட்டுங்க, தலைமை ஆசிரியரை நியமிக்கும்போது எங்க ஆள் அந்த அறையில் இருப்பாரா? மூடுவது பற்றிப் பேச்சு வந்தால் எந்தக் கட்டத்தில் எங்களுக்குச் சொல்வீங்க? இன்னொரு விஷயம், டிரஸ்ட் ஒரு கம்பெனி என்பதால் அதன் ஆண்டுக் கணக்கு கம்பெனிகள் பதிவகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். வருஷத்துக்கு 60,000 பவுண்டுக்கு மேல் எத்தனை பேர் வாங்குறாங்க என்பது வரை அதில் இருக்கும். கூட்டத்துக்குப் போகும் முன்னாடி அதைப் படிச்சுட்டுப் போங்க.

அக்கா நைட் டியூட்டியை மாத்திக்கிட்டு அந்தக் கூட்டத்துக்குப் போனாள். பள்ளி ஹாலில் பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலி. வந்தது பதினாலு பேர். டிரஸ்ட் சார்பில் வந்தவர் ஒரு மணி நேரம் நல்லா, பொறுமையா விளக்கினாராம். அக்கா கையைத் தூக்கி மூணாவது கேள்வியைக் கேட்டாள். அவர் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "இயக்குநர் குழுதான் முடிவெடுக்கும். உங்களிடம் கேட்போம், ஆனால் முடிவு உங்களுடையது என்று சொன்னால் அது பொய்" என்றாராம்.

"நேர்மையா சொன்னாருல்லா, அதனால கோவம் வரல. ஆனா வீட்டுக்கு வார வழியில அழுகை வந்துச்சு," என்றாள்.

பள்ளி டிரஸ்ட்டில் சேரப் போவது இப்போது உறுதியாகிவிட்டது. சின்னவனின் விண்ணப்பம் போய்விட்டது. போன ஞாயிறு பூசை முடிஞ்சு வந்ததும் எனக்கு ஒரு போட்டோ அனுப்பினாள். உள்ளூர்க் குழுவுக்குப் பெற்றோர் பிரதிநிதி தேர்தலுக்கான படிவம். நீங்கள் ஏன் இதற்குத் தகுதியானவர் என்று 250 சொற்களில் எழுத வேண்டுமாம்.

கீழே ஒரு வாய்ஸ் மெசேஜ். "ஏல, எழுதிருக்கேன். இங்கிலீஷைப் பாத்துக் குடு. வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்."

பார்த்துக் கொடுத்துட்டேன். ரெண்டே ரெண்டு கமா தான் மாத்தினேன்.

அடுத்த வாரம் சந்திப்போம். உங்க கேள்விகளை அனுப்புங்க.